காய்ச்சல்னா ஏன் சுடலை?

கேள்வி: அக்கா, என் கணவருக்கு 37 வயது. செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். நாலு மாதமாகக் கடை பாதி நாள் பூட்டியே கிடக்கிறது. சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்துவிடுகிறார். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறார். மனச்சோர்வு என்று டாக்டர் மாத்திரை கொடுத்து மூன்று வாரம் ஆகிறது. 'அப்பாவுக்குக் காய்ச்சல்' என்று மாமியார் பிள்ளைகளிடம் சொல்லிவைத்திருக்கிறார். போன வாரம் என் 6 வயது மகள் அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு அடுப்படிக்கு வந்து, "சுடவே இல்லையேம்மா" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. 4 வயதுப் பையன் அப்பாவைப் போலவே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து விளையாடுகிறான். இதையெல்லாம் பிள்ளைகளிடம் சொல்லலாமா?
— பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: தங்கச்சி, உன் மகள் கெட்டிக்காரி. நீங்கள் சொன்னது உண்மையா என்று தொட்டே பார்த்துவிட்டாள். இனிமேல் காய்ச்சல் கதை செல்லாது.

எனக்கு 7 வயதில் தம்பி பிறந்தான். பிறந்த பத்தாவது நாளிலிருந்து அம்மா தூங்கவில்லை, தம்பியைத் தூக்கவில்லை, என்னைப் பார்த்தால் யாரோ என்று பார்த்தாள். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அம்மாவைக் காணோம். "ஊருக்குப் போயிருக்கா" என்றார்கள். ஆறு மாதம்! எந்த ஊர், எதற்கு என்று ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. எனக்கு மட்டும் காரணம் 'தெரியும்'. அம்மாவுக்குக் கிண்டி வைத்திருந்த பிரசவ லேகியத்தை, கருப்பட்டி வாசத்துக்கு ஆசைப்பட்டு, தினமும் ஒரு விரல் வழித்துத் தின்றுகொண்டிருந்தேன். அம்மா மருந்தை நான் தின்றதால்தான் அம்மாவுக்குக் குணமாகவில்லை என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். பிரசவத்துக்குப் பின் சில பெண்களுக்கு வரும் மனநோய் அது என்று சமூகப்பணி படிக்கப்போன பிறகுதான் தெரிந்தது. அதுவரை கருப்பட்டி வாசமே எனக்கு ஆகாது.

பிறகு 31 வருடம் மனநலப் பிரிவில் வேலை பார்த்தேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தால், ஒவ்வொன்றிடமும் இப்படி ஒரு லேகியக் கதை இருந்தது. ஹோம்வொர்க் எழுதாததால், தம்பியை அடித்ததால், சைக்கிள் கேட்டு அழுததால் அப்பாவுக்கு இப்படி ஆகிவிட்டதாம். நாம் காரணம் சொல்லாவிட்டால் பிள்ளை தன்னையே காரணமாக்கிக்கொள்ளும். அதனால் சொல்லத்தான் வேண்டும்.

ராத்திரி படுக்கும்போது வேண்டாம், பயத்தோடு தூங்கும். தலை பின்னும்போது சொல். முகத்தை முகம் பார்க்காத நேரத்தில் பிள்ளைகள் நன்றாகக் கேட்பார்கள்.

"அன்னிக்கு நீ கேட்டியே, சுடலையேன்னு. நீ சொன்னதுதான் சரி, அது காய்ச்சல் இல்ல. அப்பாவுக்கு வந்திருக்கிற நோய்க்கு மனச்சோர்வுன்னு பேர். தூக்கம், பசி, சந்தோஷம் எல்லாத்தையும் மூளைதான் பாத்துக்குது. அப்பாவுக்கு இப்ப அது சோர்ந்துபோய் இருக்கு. நீ பண்ணின எதனாலயும் இது வரல. உனக்கு ஒட்டிக்காது. டாக்டர் மாத்திரை குடுத்திருக்காங்க. மெதுவாத்தான் கேக்கும். நாளைக்கும் அம்மாதான் உன்னை ஸ்கூல்ல விடுவேன்."

இவ்வளவு போதும். கடைசி வரியை விட்டுவிடாதே, பிள்ளைக்கு முக்கியமே அதுதான். பெயரையும் மறைக்காதே. 'அப்பா சோகமா இருக்கார்' என்று மட்டும் சொன்னால், சிரிக்கவைக்கிற வேலையைத் தன் தலையில் போட்டுக்கொள்வாள். அவர் சிரிக்காத அன்றைக்குத் தான் தோற்றுவிட்டதாக நினைப்பாள்.

சின்னவனுக்கு "அப்பாவுக்கு உடம்பு முடியல, நீ ஒண்ணும் பண்ணல, அம்மா இருக்கேன்" போதும். பத்துத் தடவை கேட்பான், பத்துத் தடவையும் அதையே சொல். அந்தச் சுவர் விளையாட்டைத் தடுக்காதே. பக்கத்தில் உட்கார்ந்து, "இந்த அப்பாவுக்கு என்ன வேணுமாம்?" என்று கேள். என்ன பதில் வருகிறதோ, அதில் அவன் மனசு இருக்கும்.

இரண்டு காரியம் செய்யாதே. "அப்பா மாத்திரை போட்டாரா பாரு" என்று மகளைக் காவலுக்கு வைக்காதே. ஒரு வேளை தப்பினால் அந்தப் பழியும் அவள் தலையில் விழும். மாத்திரை உன் பொறுப்பில், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். அடுத்து, நாள் குறிக்காதே. இந்த மாத்திரைகள் வேலை செய்யவே சில வாரங்கள் ஆகும். "தீபாவளிக்குள்ள சரியாயிடும்" என்று ஒரு தாய் சொல்லிவிட, அந்தப் பையன் தினசரி காலண்டரில் முன்கூட்டியே கத்தையாகக் கிழித்துவைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

முடிந்தால் உன் கணவர் வாயாலேயே ஒரு வரி வரட்டும்: "உம்மேல கோவம் இல்ல பாப்பா, அப்பாவுக்கு முடியல." படுத்துக்கொண்டே சொன்னாலும் சரி.

மாமியார் "பிள்ளைகிட்ட போய் இதெல்லாமா" என்பார். சண்டை வேண்டாம். திருஷ்டி சுற்றிப் போடுவதென்றால் போடட்டும். மாத்திரையை நிறுத்தச் சொன்னால் மட்டும் விடாதே. வகுப்பு டீச்சரிடம் "வீட்டில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, பிள்ளை வாடியிருந்தால் சொல்லுங்கள்" என்று ஒரு வார்த்தை போட்டுவை.

இன்னொன்று, நீ எழுதாதது. 'நான் இருந்து என்ன பண்ண' என்கிற மாதிரி அவர் பேசினால் தனியே விடாதே, அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போ. ராத்திரியானாலும் 14416-க்குப் போன் செய்யலாம். டெலி மானஸ் என்று 2022-ல் மத்திய அரசு தொடங்கியது. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். உனக்காகவும் பேசலாம். நாலு மாதமாக நீ யாரிடமும் அழுததாகத் தெரியவில்லை.

கேள்வி: என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். எங்களோடுதான் இருக்கிறான். அரசு மருத்துவமனையில் மாதம் ஒரு ஊசி. நன்றாகத்தான் இருந்தான். தீபாவளிக்குப் பிறகு தனியாகப் பேசுவது அதிகமாகிவிட்டது. "சித்தப்பா யார்கிட்ட பேசுறாரு?" என்கிறான் என் 8 வயது மகன். தெருப் பிள்ளைகள் 'உங்க சித்தப்பா கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று கேலி செய்கிறார்களாம்.
— ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: "சித்தப்பா காதுக்கு மட்டும் ஒரு குரல் கேக்குது. நமக்குக் கேக்காது, ஆனா அவர் நடிக்கல. அதுக்குத்தான் பதில் சொல்றார்" என்று சொல்லுங்கள். சிரிக்கவும் வேண்டாம், தனக்கும் கேட்பதாகத் தலையாட்டவும் வேண்டாம். பயமாக இருந்தால் எழுந்து உங்களிடம் வந்துவிடலாம், அது மரியாதைக் குறைவு இல்லை என்பதையும் சொல்லிவையுங்கள்.

கேலிக்கு அவனிடம் ஒரு வரி தயாராக இருக்கட்டும்: "அவருக்கு நோய், ஆஸ்பத்திரி போறார்." அதற்கு மேல் வாதாட வேண்டாம். கீழ்ப்பாக்கம் என்று அவர்கள் சொல்வது சென்னையில் உள்ள அரசு மனநல மருத்துவமனையை. அது தொடங்கியது 1794-ல். இத்தனை காலமாக எத்தனையோ குடும்பங்கள் நம்பிப் போன இடத்தின் பெயரை நாம் வசவாக வைத்திருக்கிறோம். தெருப் பிள்ளைகள் அதைப் பெரியவர்களிடம்தான் கற்றிருப்பார்கள். உங்கள் வீட்டில் யாராவது விளையாட்டுக்குக்கூட அப்படிச் சொல்கிறீர்களா?

தீபாவளிக்குப் பிறகு அதிகமானது என்று எழுதியிருக்கிறீர்கள். பண்டிகை அலைச்சலில் அந்த மாத ஊசி தப்பிவிட்டதா? மகனிடம் பேசுவது சாயங்காலம் ஆகட்டும். முதலில் ஆஸ்பத்திரி நோட்டை எடுத்துத் தேதியைப் பாருங்கள்.