திரைக்கு வெளியே நிற்கும் விண்டோ

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இரண்டு திரை வைத்திருப்பவர்களுடையவை. வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்து வேலை என்றானதும் படுக்கையறை மூலையில் ஒரு மேசை, அதில் அலுவலக மடிக்கணினி, பக்கத்தில் கேரோசலில் வாங்கிய பழைய மானிட்டர். யார் வீட்டுக்குப் போனாலும் இதே காட்சிதான். பிரிண்டர், வைஃபை கேள்விகளை அடுத்த மாதத்துக்கு ஒதுக்கிவிட்டேன். கோபிக்க வேண்டாம்.

அக்கா, நான் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். அலுவலகத்தில் மடிக்கணினிக்கு இடப்பக்கம் பெரிய மானிட்டர் உண்டு. வீட்டில் மடிக்கணினி மட்டும்தான். நேற்று கணக்கு மென்பொருளைத் திறந்தால் கீழே டாஸ்க்பாரில் இருக்கிறது, திரையில் ஒன்றுமே இல்லை. மூன்று தடவை அணைத்துப் போட்டுப் பார்த்துவிட்டேன். ஜிஎஸ்டி தாக்கலுக்கு நான்கு நாள்தான் பாக்கி. வைரஸா?
— வாசகி, ஈசூன்

வைரஸ் இல்லைம்மா. விண்டோ திறந்துதான் இருக்கிறது, உங்கள் கண்ணில் படாத இடத்தில்.

முதலில் அதை வரவழைத்துவிடுவோம். ஆல்ட்டும் டேப்பும் அழுத்தி அந்த மென்பொருளைத் தேர்ந்தெடுங்கள். ஆல்ட்டையும் ஸ்பேஸையும் சேர்த்து அழுத்துங்கள், பிறகு எம் எழுத்தைத் தட்டுங்கள். ஏதாவது ஓர் அம்புக்குறியை ஒரே ஒரு முறை தட்டிவிட்டு மௌஸை அசையுங்கள். விண்டோ மௌஸ் நுனியில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். கிளிக் செய்தால் அங்கேயே இறங்கிவிடும். எம் தட்டியும் அசையவில்லையா, அது முழுத்திரைக்கு விரிந்த நிலையில் இருக்கிறது. முதலில் ஆல்ட், ஸ்பேஸ், ஆர் தட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து செய்யுங்கள்.

ஏன் அங்கே போய் நின்றது? விண்டோஸுக்கு இரண்டு மானிட்டர் என்பது பக்கத்தில் பக்கத்தில் விரித்த இரண்டு பாய் மாதிரி. இரண்டுக்கும் சேர்த்து ஒரே கணக்கு. முதன்மைத் திரையின், அதாவது உங்கள் மடிக்கணினித் திரையின், இடது மேல் மூலைதான் பூஜ்யம். அதற்கு வலப்பக்கம் போனால் கூட்டல், இடப்பக்கம் போனால் கழித்தல். உங்கள் அலுவலக மானிட்டர் 1920 புள்ளி அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அது மைனஸ் 1920-இல் தொடங்குகிறது. சாயந்திரம் நீங்கள் மூடும்போது அந்த மென்பொருள் 'நான் மைனஸ் 1500-இல் இருந்தேன்' என்று எழுதி வைத்துக்கொள்கிறது. மறுநாள் வீட்டில் திறந்ததும் விசுவாசமாக அதே இடத்தில் போய் நிற்கிறது. அங்கே பாய் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. ஒழுங்காக எழுதிய மென்பொருள் பார்க்கும். பழையவை பல பார்க்காது. முகவரி டிஸ்க்கில் எழுதியிருப்பதால்தான் நீங்கள் எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் பலனில்லை.

எனக்கே இது பட்டுத்தான் தெரியும். தஞ்சோங் பகாரில் ஒரு கப்பல் நிறுவனத்தின் கணினிப் பிரிவில் இருந்தபோது, எங்கள் ஏற்றுமதி மேசைப் பெரியவர் ஒருவர் இதே புகாரோடு வந்தார். மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி போட்டேன். வரவில்லை. இன்னொரு தடவை போட்டேன். அரை நாள் போயிற்று. சாப்பாட்டு நேரத்தில் வேறு காரணத்துக்காகப் பக்கத்து மேசை மானிட்டரை எடுத்து அவர் கணினியில் செருகினேன். முந்தின நாள் அவர் பாதி நிரப்பி விட்டிருந்த பில் ஆஃப் லேடிங் (கப்பல் சரக்குச் சீட்டு) அதில் சாதுவாக நின்றுகொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. நீக்கிப் போட்டாலும் அந்த முகவரி மட்டும் அழியாமல் இருந்திருக்கிறது!

இனி வராமலிருக்க, அலுவலகத்தில் கிளம்புமுன் விண்டோவை மடிக்கணினித் திரைக்கு இழுத்துவந்து அங்கேயே மூடுங்கள். இழுக்கக்கூட வேண்டாம்: விண்டோஸ் கீ, ஷிப்ட், வல அம்பு மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அதுவே தாவிவிடும். மானிட்டரை வலப்பக்கம் மாற்றி வைத்தால் சரியாகிவிடுமா என்று கேட்காதீர்கள். எண் கூட்டலாகும், அவ்வளவுதான்.

கோப்பி கலக்கப் போய்த் திரும்பினால், இரண்டு திரையிலும் பிரித்து வைத்திருந்த விண்டோ எல்லாம் ஒரே திரையில் குவிந்து கிடக்கின்றன. தினமும் மூன்று நான்கு முறை அடுக்குகிறேன்.
— வாசகர், தெம்பனிஸ்

டிஸ்பிளேபோர்ட் கேபிள்தானே போட்டிருக்கிறீர்கள்? அந்த வகையில் பல மானிட்டர்கள் தூங்கும்போது, 'நான் இல்லை' என்றே கணினிக்குத் தெரிவித்துவிடும். கணினியும் கேபிளைப் பிடுங்கிவிட்டார்கள் என்று நம்பி, அங்கிருந்த குடித்தனத்தை எல்லாம் மீதித் திரைக்கு மாற்றிவிடும். நீங்கள் கோப்பியோடு வந்து மௌஸை அசைத்ததும் மானிட்டர் திரும்பி வரும், விண்டோ வராது.

விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே, அதற்குள் மல்டிபிள் டிஸ்பிளேஸ். அங்கே மானிட்டர் இணைப்பைப் பொறுத்து விண்டோ இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் இருக்கட்டும். அப்படியும் குவிந்தால், மானிட்டரின் சொந்த மெனுவில் ஆழ்ந்த தூக்கம் மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து அணைத்துவிடுங்கள். எச்டிஎம்ஐ கேபிளுக்கு மாறித் தொல்லை தீர்ந்தவர்களும் உண்டு. திரை தூங்கும் நேரத்தைத் தள்ளிப்போடுவதும் ஒரு வழிதான், கரண்ட் பில்லைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மடிக்கணினியிலிருந்து பெரிய திரைக்கு இழுத்தால் விண்டோ திடீரென்று ஊதிப் பெரிதாகிறது, எழுத்தும் மங்கலாக இருக்கிறது. மானிட்டர் கெட்டுவிட்டதா?
— வாசகி, செங்காங்

மானிட்டர் நல்லாத்தான் இருக்கிறது. செட்டிங்ஸின் டிஸ்பிளே பகுதியில் ஸ்கேல் என்று ஒன்று உண்டு, எழுத்தையும் படத்தையும் எவ்வளவு பெரிதாகக் காட்டுவது என்ற அளவு. மடிக்கணினியில் 150 விழுக்காடும் பெரிய திரையில் 100 விழுக்காடும் இருந்தால், எல்லையைத் தாண்டும்போது விண்டோ தன்னைப் புதிதாக அளந்துகொள்ள வேண்டும். திரைக்குத் திரை வேறு அளவு வைக்கும் வசதியே 2013-இல் விண்டோஸ் 8.1-இல்தான் வந்தது. அதற்கு முந்திய மென்பொருளுக்கு அளந்துகொள்ளத் தெரியாது. விண்டோஸ் அதைப் புகைப்படம் மாதிரி நீட்டியோ சுருக்கியோ காட்டுகிறது, அந்த மங்கல் அதனால்தான். இரண்டு திரைக்கும் ஒரே ஸ்கேல் வைத்து கணினியைத் திரும்பத் தொடங்கிப் பாருங்கள். கண் அதற்கு இடம் தரவில்லை என்றால், அந்த மென்பொருளின் ப்ராப்பர்ட்டீஸில் கம்பாட்டிபிலிட்டி, அதில் ஹை டிபிஐ. அங்கே சிஸ்டம் என்ஹான்ஸ்டு என்பதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். எல்லா மென்பொருளிலும் பலிக்காது.

தினமும் காலையில் இடப்பக்கம் மின்னஞ்சல், நடுவில் எக்செல், வலது ஓரம் வாட்ஸ்அப் என்று தானாக வந்து உட்கார வழி இருக்கிறதா?
— வாசகர், புக்கிட் பாத்தோக்

இருக்கிறது, இலவசமாகவே. மைக்ரோசாஃப்ட் தரும் பவர்டாய்ஸை நிறுவுங்கள். அலுவலக மடிக்கணினி என்றால் ஐடி பிரிவிடம் கேட்டுவிட்டு. அதில் ஃபேன்சிஸோன்ஸ் என்ற கருவியில் திரையை உங்கள் விருப்பத்துக்குக் கட்டம் கட்டமாகப் பிரிக்கலாம். பிறகு ஷிப்டைப் பிடித்துக்கொண்டு விண்டோவை இழுத்தால் கட்டத்துக்குள் அளவாக அமர்ந்துவிடும். தானாக வர வேண்டும் என்கிறீர்களே, அதற்கு அதிலேயே ஒர்க்ஸ்பேசஸ் இருக்கிறது: எது எங்கே, எந்த அளவில் என்பதை ஒரு முறை பதிந்து வைத்தால் ஒரே கிளிக்கில் அத்தனையும் திறக்கும். நிர்வாகி உரிமையோடு ஓடும் மென்பொருள் மட்டும் அசையாமல் அடம்பிடிக்கும். பவர்டாய்ஸையும் அதே உரிமையோடு ஓட்டினால் வழிக்கு வரும்.

ஒன்று சொல்ல மறந்தேன். பவர்டாய்ஸில் ரன் என்ற தேடல் பெட்டியை இயக்கியிருந்தால் ஆல்ட்-ஸ்பேஸை அது பிடுங்கிக்கொள்ளும். ஈசூன் வாசகிக்குச் சொன்ன வைத்தியம் உங்களுக்குப் பலிக்காமல் போகலாம், அதன் குறுக்குவிசையை மாற்றிவிடுங்கள்.

விண்டோஸுக்குப் பதில் உபுண்டு லினக்ஸ் பயன்படுத்துகிறேன். விண்டோக்களை அடுக்க டபிள்யூஎம்கன்ட்ரோல் என்ற கட்டளைக் கருவியில் எழுதிய ஸ்கிரிப்ட், புதிய பதிப்புக்கு மாறியதும் பாதி விண்டோக்களைக் கண்டுகொள்வதே இல்லை.
— பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்

நீங்கள் வேலண்டுக்கு மாறியிருக்கிறீர்கள், தம்பி. லினக்ஸில் விண்டோக்களைத் திரையில் காட்டும் புதிய அடித்தளம் அது. பழைய எக்ஸ்11-இல் எந்த மென்பொருளும் எந்த விண்டோவையும் நகர்த்தலாம். வேலண்டில் ஒரு மென்பொருளுக்குத் தன் விண்டோவின் இடத்தைத் தீர்மானிக்கவே அதிகாரம் இல்லை, டெஸ்க்டாப்தான் முடிவு செய்யும். கேடிஇ என்ற டெஸ்க்டாப்புக்கு மாறினால் விண்டோ ரூல்ஸில் எழுதிவைக்கலாம். ஸ்கிரிப்டுக்குக் கும்பிடு போட்டுவிடுங்கள்.

இரண்டாம் திரை இடப்பக்கம் இருக்கிறது. மௌஸை இடப்பக்கம் தள்ளினால் சுவரில் முட்டியது மாதிரி நிற்கிறது, வலப்பக்கம் தள்ளினால் இடப்பக்கத் திரையில் வருகிறது! மேசையையே திருப்பிப் போடலாமா என்று யோசிக்கிறோம்.
— தம்பதியர், பொங்கோல்

டிஸ்பிளே பகுதியில் 1, 2 என்று இரண்டு பெட்டி தெரியும். 2-ஐ இழுத்து 1-க்கு இடப்பக்கம் வையுங்கள், அப்ளை தட்டுங்கள். மேசையை நகர்த்தியிருந்தால் திரும்ப நகர்த்திவிடுங்கள்.