காதை நம்பாதவர்கள்

அன்புள்ள ஐயா,

குகையிலிருந்து ஆயிரக்கணக்கான வௌவால்கள் கூட்டமாக வெளியேறும் காணொளி ஒன்றைப் பார்த்தேன். எல்லாம் ஒரே நேரத்தில் கத்தும்போது, ஒவ்வொன்றும் தன் எதிரொலியை எப்படிப் பிரித்தறிகிறது? கண் தெரியாத உயிருக்கு இயற்கை தந்த அற்புதம்! நம் காதுக்கு எட்டாத மீயொலியைப் பிடிக்கும் கருவி வரும்வரை, வௌவால் தன் கத்தலின் எதிரொலியைக் கேட்டு வழியறிகிறது என்பது விஞ்ஞானிகளுக்கே தெரியாதாமே?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கேள்விக்குச் சுருக்கமான பதில்: நெரிசலில் தன் குரலின் சுருதியைச் சற்று மாற்றிக்கொள்ளும் இனங்கள் உண்டு. அதிர்வெண் மிகுந்த ஒலி காற்றில் சீக்கிரம் தேய்ந்துவிடும் என்பதால் தூரத்துக் கூச்சல் அவ்வளவாகத் தொல்லை தராது. இன்னும் நிறைய இருக்கிறது, வேறொரு நாள் எழுதுகிறேன். கண் தெரியாத உயிர் என்று மட்டும் இனி யாரிடமும் சொல்லாதீர்கள். வௌவாலுக்குக் கண் நன்றாகவே தெரியும். பழம் தின்னும் பெரிய வௌவால்களில் பெரும்பாலானவை எதிரொலியின் பக்கமே போவதில்லை.

என்னைச் சீண்டியது உங்கள் கடைசி வரி. கருவி வரும்வரை தெரியாதாம்! யார் சொன்னது?

1793இல் இத்தாலியில் ஸ்பல்லன்சானி என்ற விஞ்ஞானி ஆந்தையையும் வௌவாலையும் இருட்டறையில் பறக்கவிட்டார். ஆந்தை தடுமாறியது, வௌவால் தடுமாறவில்லை. பிறகு கண்ணைப் பறித்துவிட்டும் பார்த்தார். கொடூரம்தான், அந்தக் காலத்து ஆய்வு அப்படி. பார்வையிழந்த வௌவால்களை வெளியே விட்டுத் திரும்பப் பிடித்தபோது அவற்றின் வயிறு நிறையப் பூச்சி. அடுத்த ஆண்டு ஜெனீவாவில் ஜூரின் என்ற மருத்துவர் வௌவால்களின் காதுகளை மெழுகால் அடைத்தார். வௌவால்கள் எதிர்ப்பட்டதில் எல்லாம் முட்டிக்கொண்டன. ஸ்பல்லன்சானி அதையும் செய்து பார்த்தார். காதில் சின்னப் பித்தளைக் குழாய்களைச் செருகினார். குழாய் திறந்திருந்தால் வௌவால் ஒழுங்காகப் பறந்தது, அடைத்தால் மோதியது. உடம்பு முழுக்க வார்னிஷ் பூசிப் பார்த்தார், அப்போதும் பறந்தது. ஆக, தொடுவுணர்வு இல்லை, காதுதான். இதில் எந்தக் கருவி குறைந்தது, சொல்லுங்கள்?

குறைந்தது கேட்பதற்கான மனசு. பாரிஸில் குவியே, அன்றைய விலங்கியலின் பெரிய பெயர், ஒரு வௌவாலையும் பறக்கவிட்டுப் பார்க்காமலேயே சிறகின் தொடுவுணர்வுதான் காரணம் என்று எழுதிவிட்டார். வார்னிஷ் பூசிய வௌவால் பறந்ததே, ஐயா? அதற்குப் பதில் கிடையாது. பெரியவர் சொன்னார், நூறு வருஷத்துக்கு மேல் பாடப்புத்தகங்களும் அதையே சொல்லிக்கொண்டிருந்தன. 1938இல் ஹார்வர்டு மாணவர் கிரிஃபின், இயற்பியலாளர் பியர்ஸின் கருவிமுன் வௌவால்களைக் கொண்டுபோய் வைத்தபோது, நமக்குக் கேட்காத அந்தக் கத்தல் பதிவானது. பிறகு சக ஆய்வாளர் கலாம்போஸுடன் சேர்ந்து, காதையோ வாயையோ மூடினால் வௌவால் வழிதவறுவதைக் காட்டினார். கருவி விளக்கியது, எப்படி என்பதை. காதுதான் என்பது மெழுகிலேயே தெரிந்துவிட்டது. அந்த நூற்றைம்பது வருஷத் தாமதத்தைக் கருவியின் தலையில் கட்டாதீர்கள். இந்தச் சாக்கைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது.

இதே பிடிவாதம் மனிதர் விஷயத்திலும் நடந்தது. பார்வையில்லாத என் நண்பர் ஒருவர் சுவருக்கு ஓரடி முன்னால் தானாக நின்றுவிடுவார். எப்படி என்று கேட்டால், “முகத்துல ஒரு அழுத்தம் தெரியும்ப்பா” என்பார். உலகெங்கும் பார்வையற்றோர் பலர் அப்படித்தான் சொல்லிவந்தார்கள், முகப்பார்வை என்று அதற்குப் பெயரும் இருந்தது. 1944இல் கார்னெல் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆய்வு வந்தது. அதை நடத்தியவர்களில் ஒருவரான மைக்கேல் சூப்பாவே பார்வையற்றவர். முகத்தைக் கம்பளத் துணியால் மூடியும் சோதனையில் நடந்தவர்கள் எதிரே வைத்த தடுப்பைக் கண்டுபிடித்தார்கள். காதை அடைத்ததும் நேராகப் போய் மோதினார்கள். தன் காலடியோசை திரும்பி வருவதைக் காது கேட்கிறது, மனசு அதை முகத்தின் கணக்கில் எழுதிக்கொள்கிறது. குவியே வௌவாலுக்குச் சொன்னதும் இதேதான், தோல்.

நண்பரிடம் இதையெல்லாம் ஆசையாகப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி, அது அவங்க முகம். என் முகத்தை யாரும் சோதிச்சுப் பார்க்கலையே” என்றார்.