சூடானால் நின்றுவிடும் வண்டி – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

தாத்தா ஓட்டிய 1954 பி.எஸ்.ஏ. பி31 மோட்டார் சைக்கிளை ஒன்றரை வருடமாகப் பிரித்து மாட்டிக்கொண்டிருக்கிறேன். இன்ஜின் வேலை முடிந்தது, சேசிஸுக்குப் பவுடர் கோட்டிங்கும் அடித்தாயிற்று. காலையில் இரண்டாவது உதையிலேயே ஸ்டார்ட் ஆகிறது. இருபது நிமிடம் ஓடிச் சூடானதும் திணறி நின்றுவிடுகிறது. அப்புறம் எத்தனை உதைத்தாலும் பிடிப்பதில்லை. ஒரு மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்புகிறது. ஹெட்லைட்டும் மங்கல். பெயின்ட் வேலைக்கு முன்னால் இவ்வளவு மோசமில்லை. பிளக்குக்குப் பொறி தரும் மேக்னெட்டோ, பேட்டரியை சார்ஜ் செய்யும் டைனமோ எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு 12 வோல்ட்டில் எலெக்ட்ரானிக் இக்னிஷன் போடச் சொல்கிறார் மெக்கானிக். எனக்கு மனம் வரவில்லை. வேறு வழி உண்டா?

மு.

அன்புள்ள மு.,

உண்டு. உங்கள் வண்டியில் இருப்பவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். மெக்கானிக் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி வெளியே போடச் சொல்கிறார். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற வேலை அது.

முதலில் சூடானதும் நிற்பது. கார்புரேட்டரையும் பெட்ரோல் வருவதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அதில் குறை இல்லையென்றால், நீங்கள் எழுதியிருப்பது மேக்னெட்டோ கண்டென்சர் போனதற்கான அடையாளம், அச்சு அசலாக. பாயிண்டில் பொறி பறக்காமல் அடக்குகிற அந்தக் கண்டென்சர் வெளியே தெரியாது, கம்பி சுற்றிய சுழலும் பாகமான ஆர்மேச்சருக்குள்ளேயே ஒளிந்திருக்கும். எழுபது வருடத்தில் அதன் உள்காப்பு கெட்டிருக்கும். குளிர்ச்சியாக இருக்கும்போது ஒப்பேற்றும், சூடேறினால் மின்சாரத்தைக் கசியவிடும். அடுத்த முறை நின்றவுடனே, சூடு ஆறுவதற்குள் இருட்டான இடத்துக்குத் தள்ளிப் போய் பாயிண்ட் (திறந்து மூடி மின்சாரத்தை வெட்டுகிற தொடுமுனை ஜோடி) மூடியைக் கழற்றுங்கள். இன்னொருவரை உதைக்கச் சொல்லிவிட்டு பாயிண்டைப் பாருங்கள். நல்ல கண்டென்சர் என்றால் லேசாக ஒரு பொறி தெரியும், அல்லது ஒன்றுமே தெரியாது. பளீரென்று நீலவெள்ளையாக வெடித்தால் சந்தேகமே வேண்டாம்.

கண்டென்சர் மாற்ற ஆர்மேச்சரை வெளியே எடுக்கவேண்டும். எடுக்கும்போது சுற்றுக்கம்பியையும் புதிதாகச் சுற்றிவிடுவது நல்லது. அந்தக் காலத்தில் கம்பிச்சுற்றுக்கு அரக்கு பூசினார்கள். அது சூட்டில் இளகி வழிந்து, ஆர்மேச்சரை உள்ளேயே ஒட்டிக்கொள்ளச் செய்துவிடும். இப்போது எபாக்ஸி போடுகிறார்கள். நீங்களே கழற்றுவதானால் ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: பிளக் வயர் வந்து சேருகிற பிக்-அப், மேக்னெட்டோ உடம்பில் இருக்கும் பாதுகாப்புத் திருகு, எர்த் பிரஷ் இந்த மூன்றையும் எடுத்த பிறகுதான் ஆர்மேச்சரை இழுக்கவேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் ஆர்மேச்சரோடு சுழலும் ஸ்லிப் ரிங் வளையம் சில்லு சில்லாகப் பெயர்ந்துவிடும். ஆர்மேச்சர் வெளியே வந்ததும் காந்தத்தின் இரு முனைகளையும் சேர்த்து ஒரு மெல்லிரும்புத் துண்டை வைத்துவிடுங்கள், காந்தசக்தி குறையாமல் இருக்கும். திரும்ப மாட்டும்போது பாயிண்ட் இடைவெளி 0.012 அங்குலம், அதாவது 0.3 மில்லிமீட்டர்.

இவ்வளவு சிரமம் எதற்கு என்று மெக்கானிக் கேட்பார். மேக்னெட்டோவுக்கு பேட்டரி தேவையில்லை. பேட்டரி செத்துக்கிடந்தாலும் வண்டி உங்களை வீடு கொண்டுவந்து சேர்க்கும். அவர் சொல்கிறபடி செய்தால் இக்னிஷனும் பேட்டரியை நம்பித்தான் ஓடும்.

அடுத்தது ஹெட்லைட். விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, பவுடர் கோட்டிங். அந்தக் கால வண்டியில் மின்சாரம் திரும்பிப் போகிற பாதி வழி சேசிஸ்தான், அதைத்தான் எர்த் என்கிறோம். அதன்மேல் கெட்டியாக ஒரு பிளாஸ்டிக் தோலைப் போர்த்திவிட்டு எர்த் எங்கே என்று தேடினால் எப்படிக் கிடைக்கும்? ஹெட்லைட் பல்ப் 24 வாட் என்று வைத்துக்கொள்வோம். 6 வோல்ட்டில் அது 4 ஆம்பியர் இழுக்கும். எங்கோ ஓர் இணைப்பில் கால் ஓம் தடை இருந்தால் 1 வோல்ட் அங்கேயே போய்விடும். பல்புக்கு மிஞ்சுவது 5 வோல்ட், வெளிச்சமோ ஏறக்குறையப் பாதி. அதே தடை, அதே 24 வாட், ஆனால் 12 வோல்ட் என்றால் இழுப்பது 2 ஆம்பியர், இழப்பது அரை வோல்ட். கண்ணுக்கு அதிகம் தெரியாது. அதனால்தான் 12 வோல்ட்டுக்கு மாற்றியவர்கள் எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்புகிறார்கள். கெட்ட இணைப்பு இருந்த இடத்தில் அப்படியேதான் இருக்கும். இந்த வண்டிகளின் மின்கருவிகளைச் செய்த லூகாஸ் கம்பெனியின் பாகங்களை 'இருட்டின் இளவரசன்' என்று உலகம் முழுக்கக் கிண்டல் செய்வார்கள். என் அனுபவத்தில் அந்தப் பழியில் முக்கால் பங்கு களிம்பேறிய இணைப்புகளுக்கும் பெயின்ட்டுக்கும் போய்ச்சேரவேண்டியது.

லைட்டைப் போட்டுவிட்டு, பேட்டரியின் எர்த் முனைக்கும் பல்ப் ஹோல்டரின் உடம்புக்கும் நடுவே வோல்ட் மீட்டரை வையுங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டவேண்டும். அரை வோல்ட் காட்டினாலே திருடன் அந்த வழியில்தான் இருக்கிறான். எர்த் போல்ட் உட்காரும் இடங்களில் மட்டும் உப்புத்தாள் போட்டு இரும்பு தெரியத் தேயுங்கள். ஹெட்லைட்டிலிருந்து பேட்டரிக்குத் தனியாக ஒரு எர்த் வயரும் இழுத்துவிடுங்கள். நான் எல்லா வண்டிகளிலும் இழுத்துவிடுவேன். துணி பின்னிய பழைய வயரை வளைத்துப் பாருங்கள். உள்ளே ரப்பர் அப்பளம்போல நொறுங்கினால் மொத்த வயரிங்கையும் மாற்றவேண்டியதுதான். அதில் பிடிவாதம் பிடிக்காதீர்கள். பேட்டரி பக்கத்திலேயே ஒரு 15 ஆம்பியர் ஃபியூஸையும் சேர்த்துவிடுங்கள்.

ஃபியூஸ் எந்தப் பக்கம் என்பதில்தான் ஆள் மாட்டிக்கொள்வது. உங்கள் வண்டியில் பெரும்பாலும் பிளஸ்தான் எர்த். வயரிங்கைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். அப்படியென்றால் ஃபியூஸ் மைனஸில் வரவேண்டும். நான் ஒருமுறை பழக்கதோஷத்தில் புது பேட்டரியின் மைனஸை எர்த்தில் கொடுத்துவிட்டேன். ஸ்டார்ட் செய்து ஆக்ஸிலேட்டரைத் திருகியதும் அம்மீட்டர் முள் கடைசிவரை போய் 'டிக்' என்று முட்டி நின்றது. சீட்டுக்கு அடியிலிருந்து கருகல் வாசனை. சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பெட்டியைத் திறந்தால், டைனமோவை பேட்டரியோடு இணைத்துப் பிரிக்கும் கட்-அவுட் பாயிண்ட் இரண்டும் ஒன்றோடொன்று உருகிப் பிடித்திருந்தன.

அன்றைக்கு அந்தப் பெட்டிக்குள் இருந்ததை எடுத்துவிட்டு சின்னதாக ஒரு எலெக்ட்ரானிக் ரெகுலேட்டரை வைத்தேன். வெளியே பார்த்தால் பழைய பெட்டிதான். இந்த மாற்றத்துக்கு எனக்கு ஆட்சேபம் இல்லை. டைனமோவை மட்டும் 6 வோல்ட்டிலேயே விடுங்கள். அதே டைனமோவை 12 வோல்ட்டுக்கு ஓட்டினால் சார்ஜ் ஏறத் தொடங்கவே இன்னும் வேகமாகச் சுற்றவேண்டும், மெதுவாகப் போகிற நாளில் பேட்டரி இறங்கிக்கொண்டே இருக்கும். டைனமோ நன்றாக இருக்கிறதா என்று பார்க்க, கழற்றி அதன் டி, எஃப் என்று குறித்த முனைகளைச் சேர்த்து பேட்டரியின் ஒரு முனைக்கும், உடம்பை மறுமுனைக்கும் கொடுங்கள். மோட்டார் மாதிரி நிதானமாகச் சுற்றினால் உள்ளே பெரிய கோளாறு இல்லை.

எர்த் வேலையை முதலில் முடியுங்கள், ஒரு சாயங்காலம் போதும். மேக்னெட்டோவைப் பிரிப்பதற்கு முன்னால் அந்த இருட்டுப் பரிசோதனையைச் செய்துவிட்டு, பாயிண்டில் என்ன நிறத்தில் பொறி வந்தது என்று எழுதுங்கள்.