போனில் இலவசமாகக் கேட்கலாமே, கோயில் மேளத்துக்கு ஏன் நன்கொடை?

தைப்பூசத்தன்று மலேசியாவின் பினாங்கில் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் தவிலுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறீர்களா? அந்த அடி நெஞ்சிலேயே விழும். போனின் சின்ன ஸ்பீக்கரால் தாழ்ந்த ஒலியை அப்படித் தர முடியாது. அதைவிடப் பெரிது, வாசிப்பவர் நம் முகத்தைப் பார்க்கிறார். கூட்டம் சொக்கி நின்றால் நாதஸ்வரக்காரர் ராகத்தை இன்னும் கொஞ்சம் வளர்ப்பார். என் பாட்டி கண் கலங்குவது அந்த இடத்தில்தான். போனில் கேட்டு அழுததே இல்லை.

சரி, காசு எதற்கு? நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளி தேயும், தவில் தோலை மாற்ற வேண்டும். அப்புறம், வருடக்கணக்கான சாதகம், அதாவது வாசிப்புப் பயிற்சி. நான்கு திருவிழா வருமானத்தில் குடும்பம் ஓடாது என்றால் எந்தப் பிள்ளை கற்றுக்கொள்ள வரும்? மேளத்துக்கென்று ரசீதுப் புத்தகம் வந்தால் பத்து வெள்ளியாவது எழுதுங்கள்.