இலைக் கணக்கும் ஆர் மொழியும்

ஐயா, வணக்கம். இளநிலைப் புள்ளியியலில் இறுதியாண்டு படிக்கும் தங்கள் மகள், கோவையில் கட்டணம் கட்டி எஸ்பிஎஸ்எஸ் (SPSS) என்ற புள்ளியியல் மென்பொருள் வகுப்பில் சேர வேண்டுமா, அல்லது அவர் விரும்புவதுபோல் கோத்தகிரியில் வீட்டிலிருந்தபடியே ஆர் (R) என்ற புள்ளியியல் நிரல்மொழியைப் படிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். முதலில் ஆர் மொழியையே படிக்கட்டும் என்பது என் உறுதியான கருத்து.

காசு கொடுக்காமல் கிடைப்பது வேலைக்கு உதவுமா என்ற தங்கள் தயக்கம் புரிகிறது. தரம் குறைந்ததால் அது இலவசமாகிவிடவில்லை. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இகாக்கா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இரு புள்ளியியலாளர்கள் உருவாக்கிய அந்த மொழி, எவரும் பயன்படுத்தவும் திருத்தவும் உரிமையளித்து 1995-இல் வெளியிடப்பட்டது. ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம் இல்லாமலும் இயங்கும். மழைக்காலத்தில் நம் மலையில் இது சிறிய வசதியன்று.

1968-இல் சமூக அறிவியல் ஆய்வாளர்களுக்காகத் தோன்றி, இப்போது ஐபிஎம் நிறுவனத்திடம் உள்ள எஸ்பிஎஸ்எஸ்ஸை நான் குறைத்துச் சொல்லவில்லை. திரையில் சொடுக்கியே கணக்கிடலாம் என்பதால், நிரல் எழுதத் தெரியாத சமூகப்பணி மாணவருக்கும் செவிலியருக்கும் அது உண்மையிலேயே கைகொடுக்கிறது. ஆனால் தங்கள் மகள் புள்ளியியலையே தொழிலாகக் கொள்ளப் போகிறவர்.

தொழிற்சாலைக்குத் தாங்கள் கொடுத்த பச்சைத் தேயிலையின் எடையை, இலைச் சீட்டுகளைப் பார்த்து நாள்வாரியாக ஒரு கோப்பில் ஏற்றச் சொல்லுங்கள். இலை பறிக்காத நாளுக்குச் சுழியம் இடுவதா, சீட்டு தொலைந்த நாளை வெற்றாக விடுவதா என்ற கேள்வி உடனே எழும். ஒரே ஒரு நாள் விடுபட்டிருந்தாலும் சராசரி காணும் ஆர் மொழியின் 'மீன்' (mean) கட்டளை எண்ணைச் சொல்லாமல், மதிப்பு இல்லை என்று பொருள்படும் 'என்ஏ' (NA) என்று மட்டுமே காட்டும். விடுபட்டவற்றை ஒதுக்கிவிடு என்று நாமே எழுதிக் கொடுத்தால்தான் எண் வரும். எஸ்பிஎஸ்எஸ் அவற்றைத் தானே ஒதுக்கிச் சராசரியைத் தந்துவிடும். எத்தனை நாள் கணக்கில் சேர்ந்தது என்பதையும் பக்கத்திலேயே காட்டும் என்றாலும், அவசரத்தில் கண் அங்கே போவதில்லை. விடுபட்ட நாளை என்ன செய்வது என்று நின்று யோசிக்கும் பழக்கத்தைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

எஸ்பிஎஸ்எஸ்ஸில் கணக்கிட்ட என் முதுநிலை ஆய்வின்போது, சில படிவங்களை நீக்கிவிட்டு மறுபடி கணக்கிடும்படி வழிகாட்டி சொன்னார். முன்பு எந்தெந்தப் பெட்டிகளைச் சொடுக்கினேன் என்பது நினைவில்லாமல், முழு அட்டவணையையும் முதலிலிருந்து போட நேர்ந்தது. நிரலாக எழுதி வைத்திருந்தால் ஒரு வரியை மாற்றியிருந்தாலே போதும். எஸ்பிஎஸ்எஸ்ஸிலும் 'பேஸ்ட்' பொத்தானை அழுத்தினால் கட்டளைகள் எழுத்தாகப் பதிவாகும். எனக்கு அதை அப்போது யாரும் சொல்லித்தரவில்லை.

மருந்துப் பரிசோதனைத் தரவு சார்ந்த வேலைக்குப் போக விரும்பினால் மட்டும் என் யோசனை சற்று மாறும். அத்துறையில் சாஸ் (SAS) என்ற மற்றொரு புள்ளியியல் மென்பொருளின் அறிவு பெரிதும் கேட்கப்படுகிறது. கற்போருக்கு அதன் இணையவழிப் பதிப்பு கட்டணமின்றியே கிடைக்கிறது. மற்றபடி, ஆர் தெரிந்தவர் தேவை வரும்போது எஸ்பிஎஸ்எஸ்ஸைச் சில வாரங்களில் பழகிக்கொள்ளலாம். சொடுக்கி மட்டுமே பழகியவருக்கு நிரல் எழுதக் கற்பது அவ்வளவு விரைவில் கைகூடுவதில்லை.

வகுப்புக் கட்டணத்தை இப்போது கட்ட வேண்டாம். ஓராண்டு இலைக் கணக்கையும் அதற்கு எழுதிய நிரலையும் மகளை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். பார்த்துவிட்டு அடுத்து எதைப் படிப்பது என்று எழுதுகிறேன்.