விசேஷம் ஒன்றும் இல்லை

அன்புள்ள ஐயா,

என் தாத்தா களக்காடு முண்டந்துறையில் வனக்காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். போன ஆவணியில் தவறிவிட்டார். முதல் வருஷத் திதிக்கு ஒரு சின்ன நினைவு மலர் போடலாம் என்று பேரப்பிள்ளைகள் முடிவு செய்து, எழுதுகிற வேலையை என்னிடம் தந்துவிட்டார்கள். 'குடும்பத்தையும் கடமையையும் காட்டையும் உயிராக நேசித்தவர்' என்று ஆரம்பித்தேன். வாசித்துக் காட்டியதும் ஆச்சி, "மாசத்துல நாலு நாள் வீட்டுல இருந்தா பெருசு, குடும்பமாம் குடும்பம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். அப்புறம் ஒரு வரிகூட ஓடவில்லை. அவருடைய டிரங்குப் பெட்டியில் பழைய டைரிகள் கிடைத்தன. அதிலும் முக்கால்வாசிப் பக்கம் 'ரோந்து சென்றேன். விசேஷம் ஒன்றும் இல்லை' என்றுதான் இருக்கிறது. இதை வைத்து என்ன எழுதுவது?

(பெயர் வேண்டாம்)
அம்பாசமுத்திரம்

அன்புள்ள தம்பி,

உங்கள் முதல் வரியை அடித்துவிட்டு ஆச்சி சொன்னதை அங்கே போடுங்கள். கோபத்தில் வந்த பேச்சுதான், ஆனால் தாத்தாவின் வேலையை உங்கள் வரியைவிட அது சரியாகச் சொல்கிறது. வனக்காப்பாளர் என்றால் ஒரு பீட், அதாவது ரோந்துக்காக அவருக்கு ஒதுக்கிய காட்டுப் பகுதி, முழுக்க அவர் பொறுப்பு. எங்கே புகை வந்தாலும், யார் சுருக்கு வைத்து மிளா மானைப் பிடித்தாலும், எந்த மரம் வெட்டுப்பட்டாலும் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அடிவாரத்துப் புல் காய்வதற்குள் தீ பரவாதபடி புல்லை அகற்றித் தீத்தடுப்புக் கோடு எடுத்து முடிக்க வேண்டும், அப்புறம் கோடை மழை விழுகிற வரைக்கும் நிம்மதியாகத் தூங்க முடியாது. ஆடி அமாவாசைக்கு ஜனங்கள் சொரிமுத்து அய்யனார் கோயிலில் குடில் போட்டுத் தங்குகிற நாட்களில் காக்கிச்சட்டைக்காரர்களுக்கு வேலை இரண்டு மடங்கு. அவர் அங்கே நின்றபோது பிள்ளைகளின் ஃபீஸ், காய்ச்சல், கல்யாணப் பேச்சு எல்லாவற்றையும் யார் பார்த்தது? அதை எழுதினால் தாத்தாவுக்கு ஒரு குறையும் வந்துவிடாது. அந்த நாலு நாளில் வீட்டில் என்ன செய்வார் என்று ஆச்சியிடம் கேளுங்கள். தூங்குவாரா, பிள்ளைகளை ஆற்றுக்குக் கூட்டிப்போவாரா, கூரை ஓடுகளை மாற்றுவாரா? நேசம் என்ற சொல்லே வராமல் ஆச்சி நிறையச் சொல்வார் என்று நினைக்கிறேன்.

சரி, டைரிக்கு வருவோம். அந்தக் காட்டில் விசேஷம் என்றால் தீ, மரவெட்டு, சுருக்கு, யானை மிதித்த ஆள். ஒன்றும் இல்லை என்று சாயங்காலம் எழுதுவதற்காக அவர் விடிந்ததிலிருந்து நடந்திருக்கிறார். அப்படி ஒரு பக்கத்தை அவர் கையெழுத்திலேயே மலரில் அச்சிடுங்கள். எந்த வருஷத்து டைரி என்பதையும் பாருங்கள். முண்டந்துறை 1962-லேயே சரணாலயம், களக்காடு 1976-ல் சோலைமந்தி என்கிற சிங்கவால் குரங்குக்காகச் சரணாலயம் ஆனது, இரண்டும் சேர்ந்து 1988-ல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் ஆயின. அதற்கு முன்பே சேர்ந்தவர் என்றால் இந்த மாற்றம் முழுவதையும் காலால் நடந்து பார்த்தவர். 2006-க்கு முந்தைய டைரிகளில் புலிக் கணக்கெடுப்பு நாட்களைத் தேடிப் பாருங்கள். அப்போதெல்லாம் ஓடை மணலில் பதிந்த தடத்தின்மேல் கண்ணாடி வைத்து வரைவார்கள், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி அச்சு எடுப்பார்கள். அவர் வரைந்த தாள் ஒன்று பெட்டி அடியில் கிடந்தால் அதுதான் உங்கள் அட்டைப்படம்.

எனக்கு இதில் பெரிதாகப் படுவது விறகு. அடிவாரத்து ஊர்ப் பெண்கள் அடுப்புக்கும் விற்பனைக்கும் தலைச்சுமையாக விறகு கொண்டுவந்த காலம் அது. அவர்களைத் தடுக்க வேண்டியவர் உங்கள் தாத்தா, ஆனால் சுமையோடு எதிரே வருகிறவள் அவருக்கு மதினியாகவோ அத்தையாகவோ இருப்பாள். 1990களின் நடுவில் உலக வங்கி உதவியோடு சூழல் மேம்பாட்டுத் திட்டம் ஒன்று வந்தது. கிராம வனக்குழுக்கள் அமைத்து, கறவை மாடு, சிறு தொழில் என்று கடன் கொடுத்து, சாண எரிவாயு, புகையில்லா அடுப்பு எல்லாம் கொண்டுவந்தார்கள், காட்டுக்குப் போகிற கூட்டமும் குறைந்தது. திட்டம் மேலே இருந்து வந்தது, ஆனால் நேற்று அரிவாளைப் பிடுங்கிய வீட்டுத் திண்ணையில் இன்று போய் உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது கடைநிலை ஊழியர்கள்தான். சேவை என்று மலரில் எழுதப்போகிறீர்கள் என்றால் இதை எழுதுங்கள். அந்தப் பெண்கள் இன்று பாட்டிகளாக அதே தெருக்களில் இருப்பார்கள். தாத்தா கேஸ் போட்டாரா, கண்டும் காணாமல் விட்டாரா, எப்போது எதைச் செய்தார் என்று கேளுங்கள், கசப்பாக ஏதாவது வந்தாலும் அதையும் சேருங்கள். எல்லோரும் புகழ்கிற மனிதரைவிட அவர் உங்கள் பிள்ளைகளுக்கு நன்றாகப் புரிவார்.

அப்புறம், காட்டுக்குள் அவரோடு நடந்த காணிக்காரர்களை, அந்த மலையின் பழங்குடி மக்களை, விட்டுவிடாதீர்கள். மயிலாறு, சேர்வலாறு குடியிருப்புகளில் வயதான வாட்சர்கள் யாராவது அவரை ஞாபகம் வைத்திருக்கலாம், எந்தப் பாறையில் உட்கார்ந்து சாப்பிட்டார், எந்த ஓடையில் வழுக்கினார் என்பது வரைக்கும். வனச்சரக அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள், இல்லையென்றால் பாபநாசம் செக்போஸ்ட்டில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பணிப்பதிவேட்டின் நகல் வீட்டில் இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள், எந்த வருஷம் எந்த பீட் என்று சொன்னால் அவர்களுக்கு ஞாபகம் வருவது எளிது. ஆவணிக்கு இன்னும் நாள் இருக்கிறது. மலர் வந்ததும் எனக்கு ஒரு பிரதி வேண்டும்.