அடைப்பு இல்லை, ஆனாலும் ‘பம்பிங்’ குறைவு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சுகர் புண்ணில் கிருமி ஏறி, அப்பா ஐசியூவில் இருந்தார். எக்கோவில் இதயத்தின் பம்பிங் (ரத்தத்தை வெளியே தள்ளும் திறன்) 30 சதவீதம்தான். ஆஞ்சியோவில் இதய ரத்தக்குழாயில் அடைப்பே இல்லையாம்! இப்படியும் இருக்குமா? (குடியாத்தம்)

இருக்கலாம். கிருமித் தொற்று முற்றி உறுப்புகளைப் பாதிக்கும் நிலைக்குச் ‘செப்சிஸ்’ என்று பெயர். அதில் இதயமும் தளரலாம். சிலவகைக் கிருமிகளின் மேலுறையில் ஒரு நச்சுக் கொழுப்பு உண்டு. அதைப் பிடிக்கும் டிஎல்ஆர்-4 என்ற ஏற்பி வெள்ளணுக்களில் மட்டுமல்ல, இதயத் தசைச் செல்களிலும் இருக்கிறது. அது தூண்டப்பட்டதும் உடலின் எதிர்ப்புச் சக்தி கிளம்பி அழற்சிப் புரதங்கள் பெருகும், செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா பழுதாகும், சுருங்கும் வலு குறையும். ஆனால் பெரும்பாலான செல்கள் சாவதில்லை. வேலையைக் குறைத்துக்கொண்டு உயிரைப் பிடித்து வைத்திருக்கின்றன. பிழைத்தவர்களுக்குச் சுமார் 10 நாளில் பம்பிங் இயல்புக்கு வந்ததை 1984-இலேயே பதிவு செய்திருக்கிறார்கள். அப்பாவுக்கு இன்னொரு எக்கோ எடுத்துப் பாருங்கள்.

எதிர்ப்புச் சக்திதான் வில்லன் என்றால் மருந்து கொடுத்து அடக்கிவிடலாமே? (வாலாஜா)

ஆராய்ச்சியாளர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். டிஎல்ஆர்-4-ஐ அடைக்கும் எரிட்டோரான் மருந்தைக் கடுமையான செப்சிஸ் நோயாளிகளிடம் பெரிய அளவில் சோதித்தார்கள். 2013-இல் முடிவு வந்தது, உயிரிழப்பு குறையவில்லை. என் கணிப்பில், அடிக்கிற கையும் அணைக்கிற கையும் ஒன்றாக இருப்பதுதான் சிக்கல். அழற்சிக்குப் பேர்போன இன்டர்லியூகின்-6 என்ற புரதம், ஸ்டாட்-3 என்ற புரதத்தைக் கிளப்பிவிடும். அதே ஸ்டாட்-3 தசைச் செல்லைச் சாவிலிருந்து காப்பதும் ஆய்வகச் சோதனைகளில் தெரிகிறது. இதயத்திலேயே குடியிருக்கும் மேக்ரோபேஜ் என்ற விழுங்கும் எதிர்ப்புச் செல்கள் இன்னும் சுவாரஸ்யமானவை. தசைச் செல் வெளியே தள்ளும் பழுதான மைட்டோகாண்ட்ரியாவை இவை விழுங்கித் தீர்க்கின்றன. எலிகளில் இவற்றை நீக்கியபோது இதயம் தளர்ந்தது. நேதாஜி மார்க்கெட்டில் நாலு நாள் குப்பை அள்ளாவிட்டால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள். மொத்தமாக அடக்கினால் இந்தக் காவலும் சேர்ந்தே போய்விடும்.

செப்சிஸில் ட்ரோபோனின் (இதயத் தசை பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கூடும் புரதம்) ஏறினால் ஹார்ட் அட்டாக்தானா? (ஆற்காடு)

அந்த ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. ஈசிஜி, எக்கோ சேர்த்தே பார்க்க வேண்டும்.

மாமியாருக்கு ஸ்க்ரப் டைபஸ். அதுவும் இதயத்தைத் தொடுமா? (ஒடுகத்தூர்)

தொடும். ஒருவகைச் சிற்றுண்ணியின் இளம்பூச்சி கடித்து வரும் இந்தக் காய்ச்சல் முற்றினால் இதயத் தசையில் அழற்சி வரலாம். நம் பக்கம் மழை ஓய்ந்த குளிர் மாதங்களில் இது அதிகம். அக்குள், தொடையிடுக்கில் சிகரெட் சுட்டதுபோல் கருத்த பொருக்கு இருக்கிறதா பாருங்கள். வலிக்காது என்பதால் அவருக்கே தெரிந்திருக்காது. கடுமையான நோய்க்கு டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் என்ற இரு ஆன்டிபயாடிக்குகளையும் ஊசியாகச் சேர்த்துக் கொடுப்பது, ஏதாவது ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட மேல் என்று 2023-இல் நிறுவிய ஆய்வுக்கு வேலூர் சிஎம்சிதான் தலைமை தாங்கியது. காய்ச்சலோடு மூச்சு வாங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, பேச்சு தடுமாறினாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள். ராத்திரியே வண்டி பிடியுங்கள்.